டாலர் 90 ஆகியும் இங்கே விலைவாசி ஏறவில்லை, இலங்கையில் மட்டும் ஏன் அப்படி ஏறியது?

#1 சயான்_கோலிவாடா

எல்லாருக்கும் வணக்கம். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாணய மாற்று விகிதமும் பணவீக்கமும் என்ற பகுதியில் ஓர் இடம் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

புத்தகம் சொல்வது இதுதான்: ரூபாய் விழுந்தால் இறக்குமதிச் சரக்கின் விலை ஏறும், அது கடைக்கு வரும், பணவீக்கம் கூடும். வெளி வர்த்தகத்தை நம்பியிருக்கும் சின்ன நாடு என்றால் இன்னும் வேகமாக வரும். சரி. ஆனால் 2025 தொடக்கத்தில் 85 ரூபாய் சொச்சம் இருந்த டாலர் டிசம்பரில் 90ஐத் தாண்டிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நம் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் அதற்கு முன் இவ்வளவு குறைந்ததே இல்லை.

இலங்கையைப் பார்த்தால் நேர் எதிர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சம் இருந்த டாலர் மே மாதம் 360 பக்கம் போனது. செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீடு முந்தைய ஆண்டைவிட 69.8 சதவீதம் மேலே. டாலர் ஏறியது முக்கால் பங்குக்கு மேல், விலை ஏறியது கிட்டத்தட்ட 70 சதவீதம். அங்கே நாணயத்தின் வீழ்ச்சி அப்படியே விலைக்குப் போய்விட்டது, இங்கே துளிகூடப் போகவில்லை என்று எழுதலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஃபோர்ட்_பழையவர்

தம்பி, இரண்டையும் அப்படி எழுதாதீர்கள். நான் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு முதலில் சொல்லித்தந்ததே, துறைமுக விலையையும் கடை விலையையும் தனித்தனியாகப் பார் என்பதுதான்.

துறைமுகத்தில் சின்ன நாட்டின் பேச்சு எடுபடாது. நியூசிலாந்துப் பால்மாவை இலங்கை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உலகச் சந்தையில் அதன் விலை அசையப்போவதில்லை. விற்பவர் டாலரில் விலை போடுகிறார், அதைத் தன் நாணயத்தில் பெருக்கி அப்படியே கட்ட வேண்டியதுதான். அமெரிக்கா மாதிரி பெரிய சந்தை என்றால் விற்பவர்களே கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், ஏனென்றால் அங்கே இடம் போனால் திரும்பப் பிடிப்பது கடினம். நாம் பெரிய நாடு என்றாலும் இந்த விஷயத்தில் சின்ன நாட்டின் பக்கம்தான் நிற்கிறோம். நம் இறக்குமதியில் அமெரிக்காவிலிருந்து வருவது 5 சதவீதம்தான், ஆனால் டாலரில் விலை போடப்படுவது 86 சதவீதம் என்று பொருளியலாளர் கீதா கோபிநாத் 2015ல் எடுத்துக்காட்டினார். சவூதி எண்ணெய், இந்தோனேசியப் பாமாயில், சீன உதிரிபாகம் எல்லாமே டாலர்தான்.

கடை விலை வேறு கதை. துறைமுகத்திலிருந்து கடைக்கு வருவதற்குள் லாரி வாடகை, கிட்டங்கி, கூலி, வரி, லாபம் எல்லாம் சேர்கின்றன. அவை ரூபாயில் நடப்பவை, டாலர் ஏறிய அன்றே ஏறாது. அதற்கும் மேல், 2012 வரிசைக் குறியீட்டில் உணவின் பங்கு கிட்டத்தட்ட 46 சதவீதமாக இருந்தது. அதில் பெரும்பகுதி உள்ளூர் வெள்ளாமை. 2025ல் காய்கறியும் பருப்பும் முந்தைய ஆண்டைவிட நன்றாகக் கீழே இருந்தன. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் குறைந்தது. 0.25க்கு இவைதான் காரணம்.

துளிகூடப் போகவில்லை என்பதும் சரியல்ல. ரூபாய் 5 சதவீதம் விழுந்தால் பணவீக்கம் சுமார் 0.35 சதவீதப் புள்ளி கூடும் என்பது அண்மை ஆண்டுகளில் ரிசர்வ் வங்கி தன் பணக்கொள்கை அறிக்கையில் சொல்லிவரும் கணக்கு. அந்த அளவு உள்ளே வந்திருக்கும். தக்காளியும் வெங்காயமும் இறங்கிய வேகத்தில் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

#3 செம்பூர்_சமையல்

சார் சொல்வது குறியீட்டுக்குச் சரியாக இருக்கலாம். நான் கேட்டரிங் நடத்துகிறேன். என் செலவில் பாதி எண்ணெய், சிலிண்டர், பருப்பு. வெளியே 0.25 என்று போட்டுவிட்டால் கல்யாண வீட்டார் அதைக் காட்டியே ரேட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள். அதே வாரம் சூரியகாந்தி எண்ணெய் டின்னுக்கு நான் கொடுத்தது இரண்டு வருடத்துக்கு முன்பு கொடுத்ததைவிட அதிகம். எண்ணெய் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதானே வருகிறது? அப்படியானால் ரூபாய் விழுந்தது என் சமையல்கட்டில் தெரிகிறது என்றுதானே அர்த்தம்?

#4 ஃபோர்ட்_பழையவர்

அம்மா, உங்கள் டின்னில் ரூபாய் இருக்கிறது, ஆனால் அதைவிட அதிகமாக வரி இருக்கிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை இறக்குமதி வரியைச் சைபரிலிருந்து 20 சதவீதம் ஆக்கினார்கள். செஸ் எல்லாம் சேர்த்தால் 5.5 இருந்தது 27.5 ஆனது. 2025 மே கடைசியில் அடிப்படை வரியை 10க்குக் குறைத்தார்கள். ரூபாய் ஒரு வருடம் முழுக்கச் செய்ததைவிட, வரியை ஏற்றிய அந்த ஓர் இரவு அறிவிப்பு அதிகம் செய்தது. விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்று ஏற்றினார்கள், அது ஒரு நியாயம். ஆனால் மாற்று விகிதம் கடைக்கு எவ்வளவு வரவேண்டும் என்பதில் அரசின் கை எவ்வளவு பெரியது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெட்ரோலையும் பாருங்கள். மும்பையில் 2024 ஜூலையிலிருந்து 2025 முடியும்வரை 103 ரூபாய் சொச்சம். இடையில் டாலர் 83லிருந்து 90க்குப் போனது, கச்சா எண்ணெய் 80 டாலர் பக்கத்திலிருந்து 60 பக்கம் வந்தது. பங்க்கில் எதுவும் அசையவில்லை. ஏறினாலும் இறங்கினாலும் கம்பெனிகளின் லாப நட்டக் கணக்கிலேயே அது கரைந்துவிடுகிறது.

#5 வாஷி_மண்டி

இந்தத் திரியைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா காலத்திலிருந்து நாசிக் பெரிய வெங்காயத்தை நாவா ஷேவா துறைமுகம் வழியாகக் கொழும்புக்கு அனுப்புகிறோம். வாங்குபவர்கள் புறக்கோட்டை மொத்த வியாபாரிகள். 2022ஐ நான் செய்தித்தாளில் படிக்கவில்லை, போனில் கேட்டேன்.

முதலில் ஒன்று. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாயைச் சந்தை விலைக்கு விட்டதும்தான் விலை ஏறியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. 2021 செப்டம்பருக்குப் பிறகு அங்கே டாலரை 203க்கு மேல் போக விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். பலகையில் 203 இருக்கும், ஆனால் அந்த விலைக்கு டாலர் கிடைக்காது. எல்.சி. எனும் வங்கி உத்தரவாதக் கடிதம் திறக்கப் போனால் வங்கி கையை விரிக்கும். கொழும்புத் துறைமுகத்தில் உணவுச் சரக்குக் கண்டெய்னர்கள் எடுக்க டாலர் இல்லாமல் தேங்கி நின்றன. எங்கள் சரக்கு அழுகுகிற சரக்கு. ஒவ்வொரு நாளும் டெமரேஜ் எனும் துறைமுகத் தாமதக் கட்டணம் ஏறும், மூட்டையின் அடியில் ஈரம் கோக்கும், மேல் தோல் கறுக்கும். வாங்கியவர் வேறு வழியில்லாமல், வங்கிக்கு வெளியே டாலர் விற்கும் உண்டியல்காரரிடம் அதிக விலைக்கு டாலர் வாங்கிக் கட்டுவார்.

அப்போது அவர் வெங்காயத்துக்கு எந்த டாலரில் விலை வைப்பார்? பலகையில் இருக்கும் 203லா? உண்டியல் விலையில்தான் வைப்பார். அதனால்தான் ரூபாயை விடுவதற்கு முந்தைய மாதம், 2022 பிப்ரவரியிலேயே, கொழும்புப் பணவீக்கம் 15.1 சதவீதம். அதற்கு ஓராண்டு முன்பு 3 சதவீதம் பக்கம்தான் இருந்தது. அரசு சொன்ன மாற்று விகிதம் அசையவே இல்லை, விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அப்புறம் மார்ச் 7ஆம் தேதி பிடியை விட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. காலையில் சொன்ன விலை மதியம் இல்லை. பழைய டாலரில் வாங்கிய மூட்டை கிட்டங்கியிலேயே கிடக்கும், அதையும் புது விலைக்கே விற்பார்கள். வெளியில் இருப்பவர்கள் அதைக் கொள்ளை என்றார்கள். ஆனால் அந்த வியாபாரியின் இடத்தில் நின்று பாருங்கள். இந்த மூட்டையை விற்று வரும் காசில் அடுத்த லோடுக்கு டாலர் வாங்க முடியுமா என்பதுதான் அவர் கணக்கு. முடியாது என்றால் இன்று லாபம் வந்த மாதிரி தெரியும், அடுத்த மாதம் கடையை மூட வேண்டியிருக்கும். நாளைக்கு டாலர் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாதபோது எல்லாரும் கெட்டதையே எடுத்துக்கொண்டு விலை வைத்தார்கள். டாலர் 360 பக்கம் நின்ற பிறகுதான் இரண்டு நாள், மூன்று நாள் என்று ஒரு விலை நிற்கத் தொடங்கியது.

இங்கே ரூபாய் 85லிருந்து 90க்கு வந்தபோது எந்த மண்டியிலும் அந்தப் பதற்றம் இல்லை. அடுத்த வருடம் 93 ஆகலாம், 88 ஆகலாம், யாரும் 150 என்று நினைக்கவில்லை. இறக்குமதி பண்ணும் பாதாம் வியாபாரிகூட பழைய ஸ்டாக்கைப் பழைய விலைக்கே கொடுத்தார். என்னைக் கேட்டால் இரண்டு நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எவ்வளவு விழுந்தது என்பதற்கு இரண்டாவது இடம்தான்.

#6 தாணே_யாழினி

வாஷி அண்ணா எழுதியது முழுக்க உண்மை. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணக் கரையோரம், கல்யாணத்துக்குப் பிறகு நான் தாணேயில். அரசு பிடித்து வைத்த விலைகளைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஒக்டேன் 92 பெட்ரோல் 2021 டிசம்பரில் லீட்டர் 177. மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூனில் 470. மின்கட்டணம் ஒன்பது ஆண்டாக ஏறவில்லை, ஓகஸ்டில் ஒரே அடியாகச் சராசரி 75 சதவீதம் ஏற்றினார்கள். எங்களை மிகவும் வருத்தியது மண்ணெண்ணெய். அதை 87 ரூபாயிலேயே வைத்திருந்தார்கள். அந்த விலைக்கு எங்கே கிடைத்தது? வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. சின்னப் படகுகளின் வெளி இணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில்தான் ஓடும். ஓகஸ்ட் கடைசியில் அது ஒரே நாளில் 340 ஆனது. கடலுக்குப் போய் வரும் எண்ணெய்ச் செலவுக்கே பிடித்த மீன் காணாது என்று சித்தப்பா படகைக் கரையில் ஏற்றிவிட்டார். மீன் குறைந்தது, மீன் விலை அதற்கு மேல் ஏறியது.

தம்பி, இதில் உங்கள் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. மே மாதத்துக்குப் பிறகு டாலர் 360 பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் கொழும்புப் பணவீக்கம் மே மாதம் 39.1, ஜூனில் 54.6, ஜூலையில் 60.8, ஓகஸ்டில் 64.3, செப்டம்பரில் 69.8. நாணயம் நின்ற பிறகும் நான்கு மாதம் ஏறியது ஏன்? பிடித்து வைத்திருந்தவை ஒவ்வொன்றாக அவிழ்ந்ததும் அதில் பெரிய காரணம். மக்களைக் காப்பாற்றத்தான் பிடித்து வைத்தோம் என்பார்கள். ஏழை வீட்டுக்கு மூன்று வருடத்தில் மெல்ல வந்திருக்க வேண்டிய விலை ஆறு மாதத்தில் வந்து விழுந்தது. அதற்கிடையில் யாருக்குச் சம்பளம் ஏறியது?

#7 பாண்டுப்_பாலா

எனக்கு ஒன்று புரியவில்லை. டாலர் ஏறுவதுதான் வினை என்றால் கட்டிப்போட்டுவிட வேண்டியதுதானே? துபாயில் 1997லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம். எங்கள் பில்டிங் வாட்ச்மேன் நேபாளி, வீட்டுக்கு 100 ரூபாய் அனுப்பினால் அங்கே 160. அவர் அப்பா காலத்திலும் அதே 160. நேபாளம் ஒன்றும் பணக்கார நாடு இல்லையே. அவர்களால் முடிவது இலங்கையால் ஏன் முடியாது?

#8 ஃபோர்ட்_பழையவர்

நல்ல கேள்வி. நேபாளம் 1993லிருந்து நம் ரூபாயோடு 1.6 என்று கட்டியிருக்கிறது. அதன் வர்த்தகத்தில் பெரும்பங்கு நம்மோடுதான், எல்லையும் திறந்த எல்லை. அதனால் அங்கே பணவீக்கம் பெரும்பாலும் நம் பணவீக்கத்தின் பின்னாலேயே வரும். பீகாரில் உருளைக்கிழங்கு ஏறினால் காத்மாண்டுவிலும் ஏறும். டாலருக்கு எதிராக நம் ரூபாய் விழுந்தால் அவர்கள் ரூபாயும் கூடவே விழும். மாற்று விகிதத்தைக் கட்டியதால் விலைவாசிப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, யாரோடு கட்டினார்களோ அவர்கள் விலைவாசி வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்படிக் கட்டி நிற்க வேண்டுமானால் கையிருப்பு வேண்டும். துபாய் சேர்ந்த அமீரகத்துக்கு எண்ணெய் இருக்கிறது, நேபாளத்துக்கு வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் இருக்கிறது. 2022 மே மாதம் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் குறைவு என்று இலங்கை நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். எதை வைத்துக் கட்டுவது?

மாற்று விகிதத்தை வைத்தே பணவீக்கத்தை அடக்கும் நாட்டைப் பார்க்க வேண்டும் என்றால் சிங்கப்பூரைப் பாருங்கள். தம்பி, தேர்வுக்கு இதைக் கட்டாயம் படியுங்கள். 1981லிருந்து அங்கே மத்திய வங்கியின் முக்கியக் கருவி வட்டி விகிதம் இல்லை. வர்த்தகக் கூட்டாளி நாடுகளின் நாணயங்களைச் சேர்த்து ஒரு கூடை, அந்தக் கூடைக்கு எதிராகச் சிங்கப்பூர் டாலர் இந்த வரம்புக்குள் இந்தச் சாய்வில் நகரலாம் என்று வைத்திருக்கிறார்கள். அரிசியிலிருந்து தண்ணீர் வரை வெளியிலிருந்து வாங்கும் நாட்டில், வர்த்தகம் உள்நாட்டு உற்பத்தியைப்போல் மூன்று மடங்கு இருக்கும் இடத்தில், வட்டியைத் தொடுவதைவிட நாணயத்தைத் தொட்டால்தான் விலைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். 2021 அக்டோபரிலிருந்து 2022 அக்டோபருக்குள், நாணயம் இன்னும் பலப்படும்படி ஐந்து முறை இறுக்கினார்கள். அப்படியும் 2023 தொடக்கத்தில் வீட்டுச் செலவும் சொந்த வாகனச் செலவும் நீக்கிய அவர்கள் அடிப்படைப் பணவீக்கம் 5.5 சதவீதம் வரை போனது. உலகச் சந்தை விலையே ஏறும்போது நாணயத்தைப் பலப்படுத்தினால் அடியின் வேகம் குறையும், அடி விழாமல் இருக்காது. அவர்களால் இதைச் செய்ய முடிவதற்குக் காரணம் அந்தப் பிரமாண்டமான கையிருப்பு. அது இல்லாமல் இந்த வழியைக் காப்பியடிக்கப் போனால் 203 பலகை கதைதான்.

#9 பாண்டுப்_பாலா

சிங்கப்பூர் இருக்கட்டும். இலங்கையில் 2022 ஏப்ரலில் ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றினார்களே, அதை ஏன் யாரும் பேசவில்லை? கடன் வட்டி 14.5 ஆனது. அது மத்திய வங்கி வட்டி. அரசுக் கடன் பத்திரமே அந்த வருடம் 30 சதவீதத்தைத் தாண்டியது. என் மச்சான் கொழும்பில் சின்னதாக அச்சகம் வைத்திருந்தான். காகிதம் டாலரில் ஏறியது, மை டாலரில் ஏறியது, அதற்கு மேல் வங்கி வட்டி. மெஷினை விற்றுவிட்டான். பணவீக்கம் குறைந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம், வாங்க ஆளில்லாமல்தான் விலை நின்றது.

#10 தாணே_யாழினி

பாலா அண்ணா, உங்கள் மச்சானுக்கு நடந்தது பலருக்கு நடந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வட்டியை ஏற்றாமல் விட்டிருந்தால் ரூபாயை வைத்திருக்க யாருக்கு மனம் வந்திருக்கும்? கையில் ரூபாய் இருந்தவர் எல்லாம் டாலராகவோ சரக்காகவோ மாற்றப் பார்த்தார்கள். அது நின்றால்தான் வாஷி அண்ணா சொன்ன அந்தப் பதற்றம் நிற்கும். 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு வந்தது.

ஆனால் விலை திரும்பி வரவில்லை. அது எல்லாரும் மறந்துபோகும் விஷயம். டாலர் 360லிருந்து 300 பக்கம் இறங்கியது, பெட்ரோலும் 300 பக்கம் இறங்கியது, பழைய 177க்கு வரவில்லை. ஏறும்போது டாலரைக் காட்டி ஏற்றிய சாப்பாட்டுக்கடைக்காரர் டாலர் இறங்கியபோது கூலியைக் காட்டினார். கூலியும் உண்மையிலேயே ஏறித்தான் இருந்தது. ஆசிரியையாக இருக்கும் என் அக்காவுக்குப் பணவீக்கம் 1.3 என்று சொன்னால் கோபம் வருகிறது.

#11 பாண்டுப்_பாலா

ரூபாய் நின்றதற்கு வட்டி மட்டும் காரணம் இல்லை என்பதே என் கட்சி. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்தினார்கள், இந்தியா அந்த வருடம் சுமார் 400 கோடி டாலருக்கு உதவி செய்தது, அவசியமில்லாத இறக்குமதியைத் தடுத்தார்கள். டாலர் தேவையே குறைந்துபோனது. வட்டியை இதில் பாதி ஏற்றியிருந்தாலும் நின்றிருக்கும்.

#12 சயான்_கோலிவாடா

எல்லாரும் இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. ஒரே ஒரு சந்தேகம். அப்படியானால் 69.8ஐ டாலர் ஏற்றத்தால் வகுத்து, கடத்தல் விகிதம் (நாணய வீழ்ச்சியில் விலைக்குப் போகும் பங்கு) 0.9 என்று எழுதவே கூடாதா?

#13 ஃபோர்ட்_பழையவர்

கூடாது. அந்த 69.8க்குள் என்னென்ன இருக்கிறது பாருங்கள். 2021ல் ரசாயன உரத்தைத் தடை செய்ததால் விளைச்சல் விழுந்தது. உக்ரைன் போரால் மார்ச்சில் கச்சா எண்ணெய் 120 டாலரைத் தாண்டியது. அதற்கு முன் இரண்டு வருடம் மத்திய வங்கி அரசுக்காகப் பணம் அச்சடித்தது. யாழினி சொன்ன கட்டண அவிழ்ப்புகள் வேறு. பணம் அச்சடித்ததுதான் விலையையும் ஏற்றியது, ரூபாயையும் தள்ளியது. இரண்டும் ஒரே காரணத்தின் பிள்ளைகளாக இருக்கும்போது ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஒப்பிட இரண்டு நாடு தருகிறேன். 1999 ஜனவரியில் பிரேசில் தன் நாணயமான ரியாலைச் சந்தை விலைக்கு விட்டது. டாலர் 1.21லிருந்து இரண்டு மாதத்துக்குள் 2 ரியாலுக்கு மேல் போய்வந்தது. பயந்தவர்கள் பழைய மாதிரி ஆயிரக்கணக்கில் பணவீக்கம் வரும் என்றார்கள். அந்த ஆண்டு முடிவில் 9 சதவீதம்தான். பொருளாதாரம் படுத்திருந்தது, வியாபாரிக்கு விலை ஏற்றத் தெம்பில்லை. வட்டியும் உயரத்தில் இருந்தது, ஆண்டு நடுவில் பணவீக்க இலக்கும் வந்தது. ஐஸ்லாந்து உண்மையிலேயே சின்னஞ்சிறு நாடு. 2008ல் குரோனா பாதி மதிப்பை இழந்தது, பணவீக்கம் 2009 ஜனவரியில் 18.6 சதவீதத்தோடு நின்றது. வீழ்ச்சியின் அளவைப் பார்த்தால் இலங்கையோடு ஒப்பிடக்கூடியதுதான். 2000ல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் டெய்லர் சொன்னதை இங்கே எழுதுங்கள்: பணவீக்கம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் நாட்டில், செலவு ஏறியது தற்காலிகம் என்று நிறுவனங்கள் நம்பும், அதனால் விலையில் ஏற்றாமல் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். கடத்தல் விகிதம் என்பது நாட்டின் பிறவிக் குணம் இல்லை. அன்றைக்கு அந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பொறுத்து மாறும்.

#14 செம்பூர்_சமையல்

வாஷி அண்ணா, கொழும்புக்கு நீங்கள் விற்பதை ரூபாயிலேயே விற்றுவிட்டால் என்ன? இடையில் டாலர் எதற்கு?

#15 வாஷி_மண்டி

அக்கா, 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதற்கு வழி திறந்தது. வோஸ்ட்ரோ கணக்கு, அதாவது வெளிநாட்டு வங்கி நம் வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு, வைத்து ரூபாயிலேயே பணம் வாங்கலாம், அனுமதி பெற்ற நாடுகளில் இலங்கையும் இருக்கிறது. ஓரளவு பயன் உண்டு. டாலர் உலகம் முழுக்கப் பலமாகி நம் ரூபாயும் அவர்கள் ரூபாயும் சேர்ந்து இறங்கினால், வெங்காய விலைப்பட்டியல் நம் ரூபாயில் இருந்தால் அங்கே கடை விலை ஏற வேண்டியதில்லை. டாலரில் இருந்தால் இரண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லாத ஏற்றம் அவர்கள் அடுப்பில் போய் விழும். ஆனால் 2022 மாதிரி அவர்கள் ரூபாய் மட்டும் சரிந்தால் எந்த நாணயத்தில் எழுதினாலும் ஒன்றுதான்.

வெங்காயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2023 டிசம்பர் 8ஆம் தேதி ஏற்றுமதியை நிறுத்தினோம், அடுத்த மே மாதம்தான் திறந்தோம். அந்த மாதங்களில் இலங்கை ரூபாய் விழவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பலமானது. புறக்கோட்டையில் வெங்காயம் மட்டும் எகிறியது. அங்கே விலைக்கு மாற்று விகிதத்தை மட்டும் பார்க்கிறவர்கள் டெல்லி அறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

என்னிடம் வாங்குபவர்களில் ஒருவர் ரூபாய்க் கணக்குக்குத் தயார் என்றார். மற்றவர்கள் இன்னும் டாலரில்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் அவர்களே மாலைத்தீவுக்கு மறு ஏற்றுமதி பண்ணும்போது டாலரில் வாங்குகிறார்கள். அடுத்த லோடு போகும்போது இரண்டு விதத்திலும் விலை போட்டு அனுப்பப் போகிறேன், எதை எடுக்கிறார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.